இடுப்பெலும்பு முறிவும் உலோகத் தகடும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



குறளும் கம்பனும் பேசப்பெறும் இம்மேடையில் முறிந்த எலும்பைப் பற்றிப் பேச முன்வந்தமைக்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறோம். இத்தலைப்பை நாமே வேண்டிப் பெற்றோம். கடந்த சில ஆண்டுகளுக்குள் நம் காலனியில் மட்டும் நான்கு வீடுகளில் இடுப்பெலும்பு முறிந்தது. அந்நான்கில் ஒன்று நம் வீடு. நாம் மருத்துவரல்லோம், மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு ரெயில்வே அலுவலகத்தில் ஏடுகளோடு உழலும் குமாஸ்தாவே. ஆயினும் தலைக்கு வந்தபின் தெரிந்துகொண்டவற்றை, டாக்டர்களைக் கேட்டும் நூல்களைப் படித்தும் சரிபார்த்துக்கொண்டவற்றை, இன்னும் வராதவர்களுக்குச் சொல்வதில் தவறில்லை எனக் கருதுகிறோம்.

2022ஆம் ஆண்டு மார்கழி மாதம். புனேயின் மார்கழிக் குளிர் எத்தகையதென்று உங்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. எழுபத்தாறு வயதான எங்கள் அன்னையார் ஊரில் இருந்த வழக்கப்படியே விடியுமுன் எழுந்து நீராடப் போனார். பழைய குடியிருப்பாதலால் குளியலறையில் ஷாஹாபாத் கல் பாவியிருக்கிறது. பல்லாண்டுகள் கால் பட்டுப்பட்டு வழவழப்பேறிய கல். அதன்மீது சோப்பு நீர் வேறு. ஓசை கேட்டு நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது இடப்புறமாக விழுந்து கிடந்தார். பெரிதாக அலறவுமில்லை. "கால் என் பேச்சைக் கேட்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.

அன்பர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். அவரைக் கட்டிலில் கிடத்திய பின் நோக்கினால் இடக்கால் வலக்காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்தது. வயது முதிர்ந்தவர் விழுந்து, எழ முடியாமல், கால் குட்டையாகிப் பாதமும் வெளியே திரும்பியிருந்தால், இடுப்பெலும்பு முறிந்ததென்று அனேகமாக எக்ஸ்ரே எடுக்குமுன்பே சொல்லிவிடலாமாம். எங்களுக்கு அது தெரியவில்லை. சுளுக்கென்று எண்ணி எண்ணெய் காய்ச்சித் தடவினோம். அண்டை வீட்டு மராத்தி அம்மையார் அன்போடு வந்து காலைப் பிடித்துவிட்டார். இவை யாவும் செய்யத்தகாதவை என்பது பின்னர்தான் தெரிந்தது.

மாலையில் அரக்கோணத்திலிருக்கும் தமையனாரிடம் தொலைபேசியில் சொன்னோம். "அங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்துவிடுவார்கள். அம்மாவை ரெயிலில் ஏற்று, புத்தூர் நம் வழியில்தானே" என்றார். அவர் சொன்னதிலும் பொருள் இருக்கிறது. நாம் சென்னைக்குப் போகும் தடத்திலேயே ரேணிகுண்டாவுக்கும் அரக்கோணத்துக்கும் இடையில் புத்தூர் நிலையம் வருகிறது. புத்தூர்க் கட்டினால் முன்கை எலும்பு கூடிக் குணமடைந்தோர் இந்த அவையிலேயே இருக்கக்கூடும். அதை இகழ்வது நம் நோக்கமன்று. நமக்கோ ரெயில்வே பாஸ் இருக்கிறது. கீழ்ப் படுக்கையும் கேட்டு வாங்கலாம். பாஸுக்கு விண்ணப்பமும் எழுதியாயிற்று. அதை எழுதிய கை இதுவே.

தடுத்தவர் நம் இல்லாள். "அத்தையை ஒருக்களித்துப் படுக்கவைக்கவே மூன்று பேர் வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு நாள் ரெயில் பயணத்தில் மலஜலத்துக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு நம்மிடமும் தமையனாரிடமும் விடையில்லை. எனினும் வாதம் ஓயாமல் இரண்டு இரவுகள் கழிந்தன. மூன்றாம் நாள் காலையில்தான் ஆம்புலன்ஸ் வந்தது.

கையெலும்புக்கு ஏற்ற கட்டு இடுப்பெலும்புக்கு ஏன் ஏலாது என்று நாம் டாக்டரைக் கேட்டோம். அவர் சொன்ன காரணம் எளியது. முன்கையில் எலும்பு தோலுக்கு அண்மையில் இருக்கிறது; நாற்புறமும் மூங்கிற் பத்தை வைத்துக் கட்டினால் அசையாது நிற்கும். இடுப்பில் எலும்பைச் சுற்றி உடம்பிலேயே மிகப் பருத்த தசைகள் இருக்கின்றன. எலும்பு முறிந்தவுடன் அத்தசைகள் தொடையெலும்பை மேல்நோக்கி இழுத்துவிடுகின்றன. கால் குட்டையாவது அதனாலேயே. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளிருக்கும் அந்த இழுப்பைக் கட்டினால் தடுக்க முடியாது. தடுக்க வேண்டுமானால் உள்ளே போய் எலும்பையே பிடிக்க வேண்டும்.

இனி எலும்பு எங்கே முறிகிறது என்பதைச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏனெனில் பின்னால் நடப்பதெல்லாம் இதைப் பொறுத்ததே. தொடையெலும்பின் மேல்முனை பந்துபோல் உருண்டு இடுப்புக் குழியில் பொருந்தியிருக்கிறது. அப்பந்துக்குக் கீழே சாய்ந்த கழுத்து. கழுத்து தண்டோடு சேருமிடத்தில் இரண்டு புடைப்புகள். கழுத்தில் முறிவதும் புடைப்புகளுக்கிடையில் முறிவதும் வெவ்வேறு நோய்கள் என்றே கொள்ளலாம். இவ்வேற்றுமையை லண்டன் நகரத்து ஆஸ்லி கூப்பர் என்னும் ரணவைத்தியர் 1822இலேயே எடுத்துக்காட்டினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதோ 1895இல்.

கழுத்தில் முறிந்தால் பந்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அறுபடும் அபாயம் உண்டு. பந்து பட்டினியால் மடிந்துவிடும். ஆகவே முதியோருக்குக் கழுத்து முறிந்து விலகியிருந்தால் பெரும்பாலும் பந்தையே எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்துவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் தெலங்கானா முன்னாள் முதலமைச்சர் கே. சந்திரசேகர ராவ் தம் வீட்டில் விழுந்து இடுப்பு முறிந்தபோது ஹைதராபாத்தில் அவருக்கு மூட்டுதான் மாற்றப்பட்டது. அரியணையில் அமர்ந்திருந்தவரும் நம் தாய்மாரும் வழுக்கி விழும்போது ஒரே மாதிரிதான் விழுகிறார்கள் போலும்.

புடைப்புகளுக்கிடையில் முறிந்தால் நிலைமை வேறு. அங்கே இரத்த ஓட்டம் செழிப்பாக இருப்பதால் எலும்பு பெரும்பாலும் கூடியே தீரும். ஆனால் கோணலாகக் கூடும். அதுவும் இரண்டு துண்டாக முறிந்தால் எளிது. மூன்று நான்கு துண்டுகளாகச் சிதறினால் சிக்கல். எங்கள் அன்னையாருக்கு நான்கு துண்டுகள். எக்ஸ்ரேயை விளக்கில் வைத்து டாக்டர் காட்டியபோது, நாம் இரண்டு நாட்கள் எண்ணெய் தடவியது எந்த இடத்தை என்பதைக் கண்ணால் கண்டோம்.

முன்னாட்களில் இத்தகைய முறிவுக்கு என்ன செய்தார்கள்? நோயாளியைக் கிடத்தி, காலில் கயிறு கட்டி, கப்பி வழியே எடையைத் தொங்கவிட்டு, பத்துப் பன்னிரண்டு வாரங்கள் அசையாமல் வைத்திருந்தார்கள். எலும்பு கூடியது. ஆள்தான் பல வேளைகளில் மிஞ்சவில்லை. படுத்தே இருந்தால் முதுகில் புண் வரும்; நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வரும்; சிறுநீர் வழியில் கிருமி சேரும்; காலில் இரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலை அடைக்கும். இடுப்பு முறிவு மனிதரைக் கொல்வது எலும்பின் வழியாக அன்று, படுக்கையின் வழியாகவே. தகடும் திருகாணியும் வந்ததன் முதல் பயன் எலும்பைக் கூட்டியதன்று, மனிதரைப் படுக்கையிலிருந்து எழுப்பியதே.

தகட்டின் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ஹாம்பர்க் நகரத்து ஹான்ஸ்மன் 1886இல் முறிந்த எலும்பின்மீது உலோகத் தகடு வைத்துத் திருகினார். பிற்பாடு எளிதில் கழற்றுவதற்காகத் திருகாணியின் முனைகளைத் தோலுக்கு வெளியே நீட்டி வைத்தாராம்! இடுப்பு முறிவுக்கு வழி காட்டியவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஸ்மித்-பீட்டர்ஸன். கழுத்து வழியாகப் பந்துக்குள் மூவிதழ் ஆணி அடிக்கும் முறையை அவர் 1931இல் வெளியிட்டார். அவ்வாணியோடு தகட்டை ஒட்டி ஒரே உறுப்பாக வார்த்தவர் ஜூவெட், ஆண்டு 1941. சுவிட்சர்லாந்தில் பீல் நகரில் 1958இல் கூடிய ரணவைத்தியர் குழு, எலும்பில் தகடு பொருத்துவதை ஓர் ஒழுங்கான கலையாகவே ஆக்கிற்று. இன்று ஆஸ்பத்திரிகளில் 'ஏ.ஓ.' என்று சொல்லப்படுவது அக்குழுவின் பெயரே.

ஆணியும் தகடும் ஒரே வார்ப்பாக இருந்ததில் ஒரு தொல்லை இருந்தது. அதை விளக்க நாம் அறிந்த தொழிலிலிருந்தே ஓர் உவமை சொல்ல அனுமதிக்க வேண்டும். நாம் ஏடெழுதுபவரே அன்றித் தண்டவாளத்தைத் தொட்டவரல்லோம்; எனினும் முப்பது அடி தள்ளி நின்று பார்த்திருக்கிறோம். இரண்டு தண்டவாளங்களைச் சேர்ப்பது பிஷ் பிளேட். இருபுறமும் தகடு வைத்துப் போல்ட்டு போடுகிறார்கள். ஆனால் இரு முனைகளுக்குமிடையில் சிறிது இடைவெளி விட்டு, போல்ட்டுத் துளையையும் சற்றுப் பெரிதாக வைக்கிறார்கள். கோடையில் இரும்பு நீளும், குளிரில் சுருங்கும். அசைய வழியில்லாமல் இறுக்கிவிட்டால் தண்டவாளம் வளைந்து தடம் புரளும். இந்நாளில் நீண்ட தூரம் பற்றவைத்துவிடுகிறார்கள் என்றாலும், மூட்டு உள்ள இடத்தில் தத்துவம் மாறவில்லை.

இடுப்பிலும் அப்படியே. சிதறிய எலும்பு கூடும்போது முனைகள் சிறிது நைந்து, ஒன்றுள் ஒன்று அமிழ்ந்து, சில மில்லிமீட்டர் குறுகும். ஜூவெட் ஆணியோ குறுக இடம் தரவில்லை. ஆகவே ஆணியின் கூர்முனை பந்தைக் கிழித்துக்கொண்டு மூட்டுக்குள் புகுந்தது. அல்லது தகடே முறிந்தது. இதற்கு மாற்றாக வந்ததே நழுவும் திருகாணி. கீல் நகரத்து எர்ன்ஸ்ட் போல் 1951இல் இத்தகையதொன்றை வடிவமைத்தார்; அமெரிக்காவில் கிளாஸன் 1964இல் அதன் பயனை எழுதினார். பந்துக்குள் செல்லும் பெரிய திருகாணி ஒரு குழலுக்குள் இருக்கிறது. குழல் தகட்டோடு ஒட்டியிருக்கிறது. தகடு தொடையெலும்பின் வெளிப்புறத்தில் சிறு திருகாணிகளால் இறுகியிருக்கிறது. எலும்பு அமிழும்போது திருகாணி குழலுக்குள் பின்வாங்கும். பிஷ் பிளேட்டின் பெரிய துளைதான் இது! டாக்டர்கள் இதை 'டைனமிக் ஹிப் ஸ்க்ரூ' என்றும், சுருக்கமாக 'டி.எச்.எஸ்.' என்றும் சொல்கிறார்கள். எங்கள் அன்னையாரின் இடுப்பிலிருப்பதும் இதுவே.

உலோகம் எலும்பைக் கூட்டுவதில்லை. இதை மட்டும் தாய்மார்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எலும்பு தானே கூடுகிறது. கூடும்வரை உலோகம் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டின்மீது விழும் சுமை உடல் எடையைப் போல் இரண்டரை மூன்று மடங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பாட்டி ஒவ்வோர் அடி வைக்கும்போதும் நூற்றைம்பது கிலோ வரை அங்கே இறங்குகிறது. எத்துணை வலிய எஃகும் இத்தகைய சுமையை இலட்சக்கணக்கான முறை தனியே தாங்காது. தண்டவாளமே களைத்து வெடிக்கிறது. ஆகவே எலும்பு கூடுவதற்கும் உலோகம் களைப்பதற்கும் இடையில் ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. எலும்பு முந்தினால் வெற்றி.

பந்தயத்தின் முடிவு பெரும்பாலும் அறுவை மேசையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அமெரிக்காவில் பாம்கார்ட்னர் என்பவரும் அவர்தம் குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இன்றும் எல்லா டாக்டர்களுக்கும் மனப்பாடம். திருகாணியின் நுனி பந்தின் உச்சிக்கு எவ்வளவு அண்மையில், எவ்வளவு நடுவில் இருக்கிறதென்று இரண்டு எக்ஸ்ரேக்களில் அளந்து கூட்டினார்கள். அக்கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டருக்குள் இருந்த 120 திருகாணிகளில் ஒன்றுகூடப் பந்தைக் கிழித்து வெளிவரவில்லை. கிழித்தவை யாவும் அவ்வளவைத் தாண்டியவை. உலோகத்தின் விலையோ நாட்டின் பெயரோ அன்று. ஓர் அங்குல அளவு! நாம் பின்னாளில் எங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டோம். அவர் முகம் மலர்ந்து, கணினித் திரையில் அளந்தே காட்டினார். குமாஸ்தா கேட்கக்கூடாத கேள்வி என்று அவர் கருதவில்லை.

எல்லா முறிவுக்கும் தகடு ஏற்றதன்று என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தொடையெலும்பின் வெளிச்சுவர் உடைந்திருந்தாலும், முறிவு தலைகீழ்ச் சாய்வாக ஓடியிருந்தாலும், புடைப்புக்குக் கீழே தண்டில் இறங்கியிருந்தாலும், தகடு வெளிப்புறத்தில் தனியே நின்று சுமையைத் தாங்க வேண்டிவரும். அத்தகைய முறிவுகளுக்கு எலும்பின் உட்குழலில் செலுத்தும் நீண்ட ஆணியையே இப்போது பெரும்பாலும் விரும்புகிறார்கள். திருகாணித் தலையே தகட்டில் பூட்டிக்கொள்ளும் புதுவகைத் தகடுகள் வந்தபோது பெரிய நம்பிக்கை இருந்தது. ஆயின் இடுப்புப் பகுதியில் அவை முறிந்தும் கழன்றும் போனதாகப் பல ஆஸ்பத்திரிகள் கணக்கு வெளியிட்டபின் அந்நம்பிக்கை தணிந்தது. எங்கள் அன்னையாருக்குத் துண்டுகள் நான்காயினும் வெளிச்சுவர் உடையாமல் இருந்ததால் டாக்டர் தகட்டைத் தேர்ந்தார்.

தோல்வியுற்ற ஒன்றையும் நம் காலனியிலேயே கண்டோம். மோட்டார் சைக்கிளில் போன இளைஞர் ஒருவருக்குப் புடைப்புக்குக் கீழே எலும்பு நொறுங்கிற்று. நீண்ட தகடு வைத்தார்கள். மூன்றாம் மாதம் வலியில்லை என்று ஊன்றுகோலை எறிந்துவிட்டு வேலைக்குப் போனார். புகைப் பழக்கத்தையும் விடவில்லை. புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ஐந்தாம் மாதம் மாடிப்படியில் ஏறும்போது 'டக்'கென்று ஓசை. தகடு இரண்டாக முறிந்திருந்தது. அவர் வீட்டார் தகடு மட்டம் என்று சண்டைக்கே போய்விட்டனர். பந்தயத்தில் எலும்பு பின்தங்கியதே காரணம். பிறகு தகட்டை எடுத்து, உள்ளாணி செலுத்தி, இடுப்புப் பக்க எலும்பிலிருந்து சிறிது எடுத்து அங்கே வைத்தார்கள். இப்போது நடக்கிறார்; ஓராண்டு போயிற்று.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இடுப்பு முறிந்த முதியோரை 36 மணி நேரத்துக்குள் அறுவை மேசைக்குக் கொண்டுவர வேண்டுமென்பது முறை. 2020இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ மூவாயிரம் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்கு ஆறு மணி நேரத்திலும் மற்றவருக்கு ஒரு நாளளவிலும் அறுவை செய்து பார்த்தார்கள். இறப்பு எண்ணிக்கையில் பெரிய வேறுபாடில்லை. ஆனால் விரைவில் செய்துகொண்டவர்களுக்குச் சித்தப் பிரமை குறைந்தது. அவர்கள் விரைவில் எழுந்து நின்றனர். ஆகவே ஆறு மணி என்று பதற வேண்டுவதில்லை. ஆனால் எங்களைப்போல் வாதத்திலேயே இரண்டு இரவுகளைப் போக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது அன்னையாரின் முதுகில் தோல் சிவந்திருந்தது. உடலில் நீர் வற்றியிருந்தது. அவற்றைச் சீர்செய்ய மேலும் ஒரு நாள் ஆயிற்று. விழுந்த நான்காம் நாளே அறுவை நடந்தது.

"இந்த வயதில் ஆபரேஷனா?" என்பது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. இங்கிலாந்து அரசியின் தாயார் 1998இல் விழுந்து இடுப்பு முறிந்தபோது அவருக்கு வயது 97. அறுவை செய்தார்கள். அவர் 101 வயது வரை, 2002 வரை, வாழ்ந்தார். அரசகுடும்பத்துக்கு எல்லாம் கிட்டும் என்று சொல்லலாம், மெய்யே. ஆகவே மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். உலகெங்கும் எடுத்த கணக்குகளின்படி, இடுப்பு முறிந்த முதியோரில் ஐவரில் ஒருவர் முதல் ஏறத்தாழ மூவரில் ஒருவர் வரை, அறுவை செய்தும் ஓராண்டுக்குள் மறைகின்றனர். பிழைத்தவரிலும் ஏறத்தாழப் பாதிப்பேரே முன்போல் நடக்கின்றனர். அறுவை செய்யாது படுக்கவைத்தால் இதனினும் கொடிது. நம் காலனியில் ஒரு பெரியவர், பெயர் சொல்ல வேண்டா, நல்ல தமிழறிஞர். இம்மேடையிலேயே பேசியவர். "என்னை அறுக்க வேண்டா" என்று பிடிவாதம் செய்தார். பிள்ளைகளும் தந்தை சொல்லுக்குப் பணிந்தனர். ஏழு வாரங்கள் படுத்திருந்தார். நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டார். பிள்ளைகளைக் குறைசொல்லும் உரிமை நமக்கில்லை. இல்லாள் கேட்ட அக்கேள்வி இல்லாவிடில் நாமும் அவ்வழியேதான் சென்றிருப்போம்.

அறுவைக்குப் பின் நடந்ததைச் சொல்கிறோம். மறுநாளே பயிற்சி அளிக்கும் பெண் வந்து, "ஆஜி, எழுந்திருங்கள்" என்றாள். நாம் திடுக்கிட்டோம். முறிந்த காலை ஊன்றுவதா? திருகாணி நல்ல இடத்தில் இருப்பதால் தாங்கும் அளவு ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்னையார் நான்கு கால் நடைதாங்கியைப் பற்றி எழுந்து நின்றார். கண்களில் நீர் வழிந்தது. பத்து எண்ணும்வரை நின்றார். மூன்றாம் நாள் கதவு வரை நடந்தார். ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் மங்கலாகப் புது எலும்பு தெரிந்தது. மூன்றரை மாதத்தில் கூடிவிட்டது என்றார்கள். கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை. செருப்பில் ஓர் அடுக்குத் தோல் வைத்துத் தைத்துக்கொடுத்தான் கடைக்காரன். கைத்தடியில்லாமல் வெளியே போவதில்லை. மாடியேறுவதில்லை. தமையனார் பார்க்க வந்தபோது அன்னையாரே காப்பி கலந்துகொடுத்தார். அவர் அதைக் குடித்துவிட்டு, புத்தூரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை; நாமும் பேசவில்லை.

ஊருக்கு ஓட வேண்டும் என்ற எண்ணம் நம்மவருக்கு எதற்கும் வருவது இயல்பு. ஆனால் எலும்பு வைத்தியத்துக்குப் புனே பிற்பட்ட ஊரன்று. ரெயில் நிலையத்துக்கு அருகிலேயே, டேவிட் சாஸூன் அளித்த பொருளால் எழுந்து 1867 முதல் நடந்துவரும் சாஸூன் அரசு மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் கே. எச். சஞ்சேத்தி 1965இல் தொடங்கிய எலும்பு மருத்துவமனையின் பெயராலேயே சிவாஜிநகரில் ஒரு நாற்சந்தி அழைக்கப்படுகிறது. நாம் நாள்தோறும் பேருந்தில் அதைக் கடக்கிறோம். இந்தியர் உடலுக்கேற்ற செயற்கை முழங்கால் மூட்டை உருவாக்கிய அவருக்கு 2012இல் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. செலவைப் பற்றிக் கலங்குவோருக்கு ஒரு சொல்: 2024 அக்டோபர் இறுதியிலிருந்து, 70 வயது நிரம்பிய எவரும் வருமானம் பாராமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேரலாம், ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில். மகாராஷ்டிர அரசின் மகாத்மா புலே திட்டமும் உண்டு. அட்டையை விழுந்தபின் தேடினால் கிடைக்காது. சங்கச் செயலர் விண்ணப்பம் நிரப்ப உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் நாம் செய்தவை சில. குளியலறைக் கல்லை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினோம். நானூறு ரூபாய் கூலி. சுவரில் பிடிகம்பி பதித்தோம். இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு ஒன்று. மார்கழியானாலும் விடிந்தபின்தான் நீராட்டு என்று அன்னையாரிடம் வாக்குப் பெற்றோம்; அதை மட்டும் அவர் அவ்வப்போது மீறுகிறார். டாக்டர் எலும்பின் வலிமையைச் சோதித்து மருந்தும் கொடுத்திருக்கிறார். ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியும் வாய்ப்பு மிகுதியாம். தகடு போட்டதோடு வைத்தியம் முடிந்தது என்று பல வீடுகளில் இதை விட்டுவிடுகிறார்கள்.

கூட்டத்துக்கு முன்பே ஒரு அம்மையார் நம்மிடம் கேட்டார்: "தகடு வைத்தபின் தரையில் சம்மணமிட்டு உட்காரலாமா?" நம்மவருக்கு இது சிறிய கேள்வியன்று, பூசையும் சாப்பாடும் தரையில் நடப்பவை. செயற்கை மூட்டு வைத்தவர்களுக்குப் பொதுவாகக் கூடாது என்பார்கள், மூட்டு நழுவிவிடும். தகடு வைத்து எலும்பு கூடியவர்கள், டாக்டர் பார்த்துச் சம்மதித்தால் உட்காரலாம். எங்கள் அன்னையார் எட்டாம் மாதத்தில் உட்கார்ந்தார். முதலில் பலகைமேல்; பிறகு தரையில். சென்ற நவராத்திரிக்குக் கொலுவின் முன்னால் அமர்ந்து இரண்டு பாட்டுகள் பாடினார். எழுந்திருக்கத்தான் இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.